வயிற்றுக்குள் போதைப்பொருள்: எக்ஸ்ரேயும் ஸ்கேனும் எதைக் காட்டும், எதைக் காட்டாது

விழுங்கியவரின் வீட்டார், தோட்ட டிஸ்பென்சரியில் வேலை செய்பவர்கள், எக்ஸ்ரே அறைக்குப் புதிதாக வந்தவர்கள் ஆகியோர் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை.

உடம்புக்குள் கடத்துவது என்றால் என்ன? எல்லாம் ஒரே வகைதானா?

இல்லை. மூன்று வகை உண்டு. எந்த வகை என்பதைப் பொறுத்தே படம், சிகிச்சை, ஆபத்து எல்லாம் மாறும்.

முதலாவது, திட்டமிட்டு விழுங்கி வருவது. கட்டுநாயக்க விமான நிலையத்தில் பிடிபடுவது பெரும்பாலும் இதுதான். கொக்கெய்ன் அல்லது ஹெரோயின் 8 முதல் 10 கிராம் வரை அடைத்த பொதிகள், ஒருவரின் குடலில் 50 முதல் 100 வரைகூட இருக்கும். மருத்துவ ஏடுகளில் இது முதலில் பதிவானது 1973இல், கனடாவின் டொரொண்டோவில். ஹஷிஷ் அடைத்த ஆணுறையை விழுங்கிய ஒருவருக்குக் குடல் அடைத்துக்கொண்டு சத்திரசிகிச்சை செய்ய வேண்டிவந்தது.

இரண்டாவது, மலவாசலிலோ பெண்ணுறுப்பிலோ மறைத்து வைப்பது.

மூன்றாவது, பிடிபடப்போகிறோம் என்ற பயத்தில் கையில் இருந்ததை அப்படியே விழுங்கிவிடுவது. மலையகத்து ஆஸ்பத்திரிகளுக்கு இந்த மூன்றாவதுதான் முக்கியம். மார்கழிப் போயா முதல் வைகாசிப் போயா வரை சிவனொளிபாதமலைப் பருவகாலம். அந்த மாதங்களில் ஹட்டன், நல்லதண்ணிப் பக்கம் போகும் வாகனங்களைப் பொலிஸார் மறித்துச் சோதிப்பார்கள். டோர்ச் வெளிச்சம் வேனுக்குள் வந்த நொடியில், இருபது வயதுப் பையன் ஒருவன் இரண்டு பெக்கட் ஹெரோயின் தூளையோ, ஐஸ் எனப்படும் மெத்தம்பெட்டமைனையோ வாயில் போட்டு விழுங்கிவிடுகிறான். கடத்தல்காரரின் பொதி குடலைத் தாங்கவென்று பல அடுக்காகச் சுற்றப்பட்டது. இந்தப் பையன் விழுங்கியது கைமாற்றி விற்கச் சுற்றிய மெல்லிய பொலித்தீன். வயிற்று அமிலத்தில் அது எவ்வளவு நேரம் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

எக்ஸ்ரேயில் பொதி எப்படித் தெரியும்?

முதலில் பார்ப்பது வடிவத்தை. மலத்துக்கு ஒழுங்கான உருவம் இல்லை. அதன் உள்ளே சின்னச் சின்னக் காற்றுப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். பொதிக்கு விளிம்பு வழுவழுப்பாக இருக்கும், உள்ளே ஒரே சீரான சாம்பல் நிறம். ஒன்றைப் போலவே இன்னொன்று, ஒரே நீளம், ஒரே தடிப்பு. பெருங்குடலில் அவை பக்கத்துப் பக்கத்தில் இணையாகப் படுத்திருக்கும். குடலில் எந்த உணவும் அப்படி அளவெடுத்ததுபோல் வருவதில்லை.

அடுத்தது, காற்று வளையம். பல அடுக்காகச் சுற்றும்போது அடுக்குகளுக்கு இடையே கொஞ்சம் காற்று சிக்கிவிடும். அது பொதியைச் சுற்றி மெல்லிய கறுப்புப் பிறையாகத் தெரியும். இரட்டை ஆணுறை அடையாளம் என்று கதிரியல் நூல்கள் சொல்வது இதைத்தான். நுனியில் முடிச்சுப் போட்ட இடத்தில் காற்று சிக்கினால், அது சிறு ரோஜாப் பூப்போல விரிந்து தெரியும்.

படம் பார்ப்பவர் வலது அடிவயிற்றில் பெருங்குடல் தொடங்கும் இடத்தில் ஆரம்பித்து, மேலே ஏறி, குறுக்கே போய், இடப்பக்கம் இறங்கி, மலவாசல் வரை விரலால் தொட்டுக்கொண்டு போவதுபோல் வரிசையாகப் பார்க்க வேண்டும். இரைப்பையைத் தனியாகப் பார்க்க வேண்டும். கண் போன இடத்தில் இரண்டு பொதி தெரிந்ததும் அதோடு நிறுத்திவிடுவதுதான் அதிகம் நடக்கும் பிழை.

பொதி இல்லாமலே பொதிபோலத் தெரியுமா?

தெரியும். நாள்பட்ட மலச்சிக்கலில் இறுகிய மல உருண்டை முதல் சந்தேகம். சிறுநீர்ப்பைக் கல், இடுப்பு இரத்த நாளங்களில் படியும் சுண்ணாம்பு, கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை ஆகியவையும் ஏமாற்றும். வட்டப்புழு நிறைந்த குடலில் நீண்ட குழாய்போன்ற நிழல்கள் தெரியும்; ஆனால் அவை வளைந்து பின்னிக் கிடக்கும், பொதிபோல ஒரே அளவில் நிற்காது.

எங்கள் பக்கத்தில் தனியாகச் சொல்ல வேண்டியது அரைஞாண் கயிற்றுத் தாயத்து. செம்போ வெள்ளியோ, சின்ன உருளை, இரண்டு பக்கமும் மூடி. படத்தில் அது இடுப்பெலும்பின் மேல் பளிச்சென்று வெள்ளையாக விழும். உலோகம் என்று உடனே தெரிந்தாலும், அதன் பின்னால் இருப்பதை அது மறைத்துவிடும். கழற்ற மனமில்லாதவரிடம் சண்டை பிடிக்க வேண்டாம். கயிற்றை நெஞ்சு வரை மேலே தூக்கி ஒட்டிவிட்டால் போதும். சேலை ஊசி, பாவாடை நாடா முடிச்சு, காற்சட்டைப் பொத்தான், பையில் கிடக்கும் சில்லறை எல்லாவற்றையும் அகற்றி, ஆஸ்பத்திரி உடுப்பு மாற்றிய பிறகே படம் எடுக்க வேண்டும்.

படம் எடுக்கும்போது எங்கே பிழைக்கிறது?

பெரும்பாலும் கீழ் விளிம்பில். மல்லாக்கப் படுக்கவைத்து எடுக்கும் வயிற்றுப் படத்தில் மேலே உதரவிதானமும் கீழே இடுப்பு முன்னெலும்பின் இணைப்பும் விழ வேண்டும். 35க்கு 43 சென்ரிமீற்றர் தட்டில் உயரமான ஆளின் வயிறு முழுவதும் அடங்காது. ஒரே தட்டில் அடக்கப் பார்த்து மலக்குடலைக் கோட்டைவிடுவதைவிட, இடுப்புக்கு இன்னொரு படம் எடுப்பது நல்லது. மறைத்து வைத்தது கடைசிப் பத்து சென்ரிமீற்றரில் இருக்கக்கூடும்.

மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்லுங்கள். பயத்தில் நடுங்குபவரின் படம் கலங்கிவிடும். கலங்கிய படத்தில் காற்றுப் பிறை தெரியாது. மின்னழுத்தம் 70 முதல் 80 கிலோவோல்ட் அளவில் இருந்தால், மென்மையான வேறுபாடு பிடிபடும். வாந்தியோ வயிற்று வீக்கமோ இருந்தால், நிற்கவைத்து நெஞ்சுப் படமும் வேண்டும். உதரவிதானத்தின் கீழே காற்று நின்றால் குடலில் ஓட்டை விழுந்திருக்கிறது.

பெயர், திகதி, நேரம், இடம்–வலம் அடையாளம் இவை இல்லாத படம் சிகிச்சைக்கும் உதவாது, நீதிமன்றத்துக்கும் உதவாது.

சி.டி. ஸ்கேன் எப்போது தேவை?

திட்டமிட்டு விழுங்கியவர்களில், வெளியான ஆய்வுகளை மொத்தமாகப் பார்த்தால், சாதாரண எக்ஸ்ரே பத்தில் எட்டு ஒன்பது பேரைக் காட்டிக்கொடுக்கும். சில ஆய்வுகளில் அதைவிட மிகக் குறைவு. சி.டி. கிட்டத்தட்ட எல்லோரையும் காட்டிவிடும். எக்ஸ்ரேயில் சந்தேகம் தீராதபோதும், எத்தனை பொதி, எந்த இடம் என்று தெரிய வேண்டியபோதும், பொதிகள் வெளியேறிய பிறகு மிச்சம் உண்டா என்று பார்க்கவும் சி.டி.தான் சரி.

படத்தில் வெள்ளையாகத் தெரியும் மருந்தைக் குடிக்கவைத்தோ ஊசியில் ஏற்றியோ எடுக்க வேண்டியதில்லை. குடிக்கவைத்த வெள்ளை மருந்து பொதியின் விளிம்பையே மூடிவிடும். வெறும் வயிற்றை, குறைந்த கதிர்வீச்சில், மெல்லிய வெட்டுகளாக எடுத்தால் போதும்.

சி.டி. படத்தை வயிற்றுக்கு வழக்கமாக வைக்கும் வெளிச்ச அளவில் மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடக் கூடாது. அந்த அளவில், அடர்த்தி குறைந்த பொதி குடற்காற்றோடு காற்றாகக் கலந்து கறுப்பாகிவிடும். நுரையீரலுக்கு வைக்கும் அகன்ற அளவுக்கு மாற்றினால், காற்று வேறு, தூள் வேறு என்று பிரிந்து நிற்கும். ஒரு பொத்தானை அழுத்தும் வேலை. அதைச் செய்யாததால் தவறிய பொதி உயிரை எடுக்கும்.

சி.டி. இயந்திரம் எல்லா ஆதார வைத்தியசாலைகளிலும் இல்லை. இரவில் கண்டிக்கோ பதுளைக்கோ அனுப்ப வேண்டிவந்தால், முதலில் மூச்சையும் நாடியையும் நிலைப்படுத்தி, கூடவே ஒரு தாதியை அனுப்ப வேண்டும். வளைவு நிறைந்த பாதையில் நடுவழியில் பொதி உடைந்தால், ஸ்கேன் செய்யத்தான் கூட்டிப்போனோம் என்பது பதிலாகாது.

உள்ளே இருப்பது ஹெரோயினா கொக்கெய்னா என்று ஸ்கேன் சொல்லுமா?

உறுதியாகச் சொல்லாது. சி.டி.யில் அடர்த்தியை ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகால் அளப்பார்கள்: தண்ணீர் 0, காற்று கழித்தல் 1000. ஹெரோயின் பொதி காற்றுப் பக்கம் சாயும், கொக்கெய்ன் அதைவிட அடர்த்தியாக இருக்கும் என்று ஆய்வுகள் எழுதின. ஆனால் எவ்வளவு இறுக்கி அடைத்தார்கள், என்ன கலப்படம் சேர்த்தார்கள் என்பதைப் பொறுத்து அந்த எண் ஏறி இறங்கும். பொருள் என்னவென்று தீர்மானிப்பது அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களம். உடனடியாகச் சிகிச்சை தீர்மானிக்க, ஸ்கேனைவிடக் கண்மணி நன்றாகப் பேசும்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்கிறார்கள். அப்படியானால் வீட்டுக்குப் போகலாமா?

போகக் கூடாது.

பயத்தில் விழுங்கியவரிடம் எக்ஸ்ரே பெரும்பாலும் எதையும் காட்டாது. பெக்கட் சின்னது, உள்ளே இருப்பது ஒரு கிராமுக்கும் குறைவு, சுற்றியது மெல்லிய பொலித்தீன். சி.டி.யும் பலமுறை தவறவிடும். ஆக, சுத்தமான படம் என்பதற்கு அர்த்தம், படத்தில் தெரியவில்லை என்பது மட்டுமே. வயிற்றில் இல்லை என்பதல்ல.

இன்னொன்று: படத்தில் தெரியாமல் போனதற்கு, பெக்கட் ஏற்கெனவே பிரிந்து கரைந்துவிட்டதும் காரணமாகலாம். அப்போது படம் சுத்தமாகச் சுத்தமாக ஆபத்து கூடுகிறது. அதனால்தான் அறிகுறி இல்லாதவரையும் குறைந்தது 6 மணித்தியாலம், ஐஸ் என்றால் அல்லது என்ன விழுங்கினார் என்று தெரியாவிட்டால் 24 மணித்தியாலம் வரை வாட்டில் வைத்துப் பார்ப்பார்கள். விழுங்கி ஒரு மணித்தியாலத்துக்குள் வந்து, முழு நினைவோடு இருப்பவருக்கு 50 கிராம் செயலூட்டிய கரித்தூளைக் கரைத்துக் குடிக்கக் கொடுப்பதுண்டு. எல்லாவற்றுக்கும் மேலே உண்மையான பதில் வேண்டும்: “தம்பி, கேஸுக்கு இல்ல, ஒன் உயிருக்குத்தான் கேக்குறேன். என்னத்த முழுங்குன, எத்தன, எத்தன மணிக்கு?” இந்த மூன்று கேள்விக்குக் கிடைக்கும் பதில், மூன்று ஸ்கேனுக்குச் சமம்.

சிறுநீர்ப் பரிசோதனை போதாதா?

போதாது. பொதி உடையாமல் இருந்தால் சிறுநீரில் எதுவும் வராமல் போகலாம். வந்தாலும், பாவித்ததால் வந்ததா, கசிந்ததால் வந்ததா என்று பிரிக்க முடியாது.

கர்ப்பிணி என்றால்?

குழந்தை பெறும் வயதுப் பெண் யாரானாலும், படத்துக்கு முன் கடைசி மாதவிலக்குத் திகதியைக் கேட்டு, சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனையும் செய்ய வேண்டும். கேட்கும்போது பொலிஸாரோ மாமியாரோ பக்கத்தில் நிற்கக் கூடாது. தனியாகப் பெண் தாதி கேட்பதே முறை.

கர்ப்பம் என்றால் முதலில் அல்ட்ராசவுண்ட். பொதியின் மேற்பரப்பு வெள்ளைக் கோடாகவும் அதன் பின்னால் கறுப்பு நிழலாகவும் தெரியும். குடற்காற்று குறுக்கே வந்தால் எதுவும் தெரியாது, எண்ணவும் முடியாது. இருக்கிறது என்று சொல்ல அது உதவும். இல்லை என்று சொல்ல உதவாது. தாயின் உயிர் ஆபத்தில் இருந்தால் எக்ஸ்ரேயைத் தள்ளிப்போட வேண்டாம். ஒரு வயிற்றுப் படத்தில் சிசுவுக்குப் போகும் கதிர்வீச்சு ஒன்று முதல் மூன்று மில்லிகிரே. சிசுவுக்கு ஊனம் ஏற்படும் என்று கருதப்படும் எல்லை 100 மில்லிகிரே அளவில் இருக்கிறது.

கதிர்வீச்சு எவ்வளவு?

ஒரு வயிற்று எக்ஸ்ரே ஏறத்தாழ 0.7 மில்லிசீவர்ட். வழக்கமான வயிற்று சி.டி. 8 முதல் 10 வரை; குறைந்த அளவில் எடுத்தால் ஒன்று இரண்டில் முடிக்கலாம். மண், காற்று, வானம் இவற்றிலிருந்து மனிதருக்கு வருடத்துக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் எப்படியும் வந்துசேர்கிறது. ஒரு படத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. பொலிஸார் கேட்டார்கள் என்று நாளுக்கு மூன்று படம் எடுப்பதைத்தான் மறுக்க வேண்டும். இலங்கையில் எக்ஸ்ரே இயந்திரங்களுக்கான அனுமதி, 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ் ஒழுங்குபடுத்தும் சபையிடம் இருக்கிறது.

விமான நிலையத்தில் கையைத் தூக்கி நிற்கவைக்கும் இயந்திரம் வயிற்றுக்குள் பார்க்குமா?

மில்லிமீற்றர் அலை இயந்திரம் உடுப்புக்குக் கீழே தோல் வரைதான் பார்க்கும். உடம்பை ஊடுருவும் எக்ஸ்ரே வகை வேறு. அது உள்ளேயும் காட்டும்.

பொதி உடைந்தால் என்ன நடக்கும்? வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஹெரோயின் என்றால் ஆள் தூங்கி வழிவார். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும். மூச்சு நிமிடத்துக்குப் பத்துக்கும் கீழே போகும், உதடு நீலிக்கும். இதற்கு நலொக்ஸோன் என்ற மாற்று மருந்து இருக்கிறது. ஆனால் ஊசியின் வேலை 30 முதல் 90 நிமிடத்தில் தீர்ந்துவிடும். குடலில் கசியும் பொதியோ தீராது. எழுந்து உட்கார்ந்து தேத்தண்ணி கேட்டவர் ஒரு மணித்தியாலத்தில் மறுபடி மூச்சு நின்று கிடப்பார். சேலைனில் தொடர்ந்து ஏற்ற வேண்டும், பக்கத்தை விட்டு நகரக் கூடாது.

கொக்கெய்ன், ஐஸ் என்றால் நேரெதிர். கண்மணி விரியும், நாடி ஓடும், நெஞ்சு நோகும், உடம்பு கொதிக்கும், வலிப்பு வரும். நுவரெலியாக் குளிரில் ஸ்வெட்டர் இல்லாமல், சட்டை நனைய வேர்த்துக்கொண்டு, ஓரிடத்தில் இருக்க முடியாமல் நடப்பவரைக் கண்டால் காத்திருக்க வேண்டாம். இதற்கு மாற்று மருந்தே இல்லை. டயஸிபாம் போன்ற மருந்தால் அமைதிப்படுத்தி, உடம்பைக் குளிர்விப்பார்கள். கொக்கெய்ன் பொதிகள் நிறைய விழுங்கியவரிடம் இந்த அறிகுறி வந்தால், ஸ்கேனுக்கு வரிசையில் நிற்காமல் நேரே சத்திரசிகிச்சைக் கூடம்தான்.

வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். ஆளை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். விரலை விட்டோ உப்புத் தண்ணீர் கொடுத்தோ வாந்தி எடுக்கவைக்காதீர்கள். பெக்கட் கிழியும், நினைவு குறைந்தவரின் மூச்சுக்குழாயில் போய் அடைக்கும். விளக்கெண்ணெய் கொடுக்காதீர்கள். எண்ணெய் இறப்பர் உறையை இளக்கிவிடும். மிச்சமுள்ள பெக்கட் கையில் இருந்தால் எறியாமல் கொண்டுவாருங்கள். என்ன, எவ்வளவு என்று வைத்தியர் ஊகிக்க அது உதவும்.

குழாய் விட்டு எடுத்துவிட முடியாதா?

வழக்கமாக அப்படிச் செய்வதில்லை. கொக்கியோ வலையோ பட்ட இடத்தில் உறை கிழியும். அறிகுறி இல்லாதவருக்கு, கிழியாமல் தானாக வெளியேற விடுவதே பாதுகாப்பு. உதவிக்கு, குடலைக் கழுவி வெளியேற்றும் பொலிஎத்திலீன் கிளைக்கோல் கரைசல் கொடுப்பார்கள். பெரியவருக்கு மணித்தியாலத்துக்கு ஒன்று முதல் இரண்டு லீற்றர் வரை. குடிக்க முடியாவிட்டால் மூக்குக் குழாய் வழியாக. குடல் அடைத்திருந்தால் இதைக் கொடுக்கக் கூடாது. பொதி இரைப்பையிலேயே நாள்கணக்கில் நின்றாலும், அடைத்துக்கொண்டாலும், கசிந்தாலும் சத்திரசிகிச்சை. அதன்போது சத்திரசிகிச்சை நிபுணர் படத்திலிருந்த எண்ணிக்கையோடு சரிபார்த்து, இரைப்பையிலிருந்து மலக்குடல் வரை கையால் தடவிப் பார்த்த பிறகே வயிற்றை மூடுவார்.

பொலிஸார் கட்டாயப்படுத்தி எக்ஸ்ரே எடுக்கவைக்கலாமா?

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 122ஆம் பிரிவின்படி, விசாரணைக்காக ஒருவரை மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த அவருடைய சம்மதம் வேண்டும். மறுத்தால், பொலிஸார் நீதவானிடம் கட்டளை பெற வேண்டும். கூட்டிவரும்போது பொலிஸார் நிரப்பித் தரும் சட்டமருத்துவப் படிவத்தில், சம்மதம் பெற்றதை வைத்தியர் தன் கையால் எழுத வேண்டும். சிங்களத்தில் மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்து வாங்குவது சம்மதமாகாது. தமிழில் விளக்கும்படி கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, தயங்காமல் கேளுங்கள். நினைவிழந்து கொண்டுவரப்பட்டவருக்கு உயிர்காக்க எடுக்கும் படம் வேறு விடயம். அதற்கு யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

சட்டம் எவ்வளவு கடுமை?

1984இல் திருத்தப்பட்ட சட்டப்படி, ஹெரோயினோ கொக்கெய்னோ 2 கிராம் அல்லது அதற்கு மேல் என்றால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை. 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கத் திருத்தம், 5 கிராம் முதலான ஐஸையும் இதில் சேர்த்தது. 1976க்குப் பிறகு இலங்கையில் யாரும் தூக்கிலிடப்படவில்லை என்றாலும் ஆயுள் சிறை உண்மையானது. கடத்தல்காரர் விழுங்கும் ஒரு பொதி 8 கிராம். விமான டிக்கெட்டும் கையில் காசும் தருகிறோம், இதை மட்டும் விழுங்கு என்பவர், முதல் பொதியிலேயே அந்த எல்லையைத் தாண்டவைக்கிறார்.

பாவனையிலிருந்து மீள உதவி வேண்டுமானால், தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.

வெளியேறிய பொதிகளை என்ன செய்வார்கள்?

ஒவ்வொரு முறையும் மலச்சட்டியில் போகவைத்து, பார்த்து, எண்ணி, நேரத்தோடு குறித்து, பொலிஸார் முன்னிலையில் முத்திரையிட்டு ஒப்படைப்பார்கள். பொதியின் நிலையும் குறிக்கப்பட வேண்டும். உறை உரிந்தோ, ஊறி மென்மையாகியோ ஒரு பொதி வந்தால், உள்ளே மிச்சமிருப்பவையும் அதே நிலையில் இருக்கக்கூடும். அந்த நேரமே சத்திரசிகிச்சைப் பிரிவுக்குச் சொல்ல வேண்டும், காலை ரவுண்ட் வரை வைத்திருக்கக் கூடாது.

எப்போது வாட்டை விட்டு அனுப்புவார்கள்?

விழுங்கினேன் என்று சொன்ன எண்ணிக்கையை மட்டும் நம்பி அனுப்புவதில்லை. எண்ணிக்கை சிலருக்கு மறந்திருக்கும், சிலர் பயத்தில் குறைத்துச் சொல்வார்கள். பொதி இல்லாத மலம் குறைந்தது இரண்டு முறை போக வேண்டும். அதன் பிறகு எடுக்கும் படம், முடிந்தால் சி.டி., சுத்தமாக இருக்க வேண்டும். 62 என்று சொன்னவரிடம் 61 வெளியேறியிருந்தால், அவர் பிழையாக எண்ணியிருப்பார் என்று யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. அந்த ஒன்று கிடைக்கும் வரை, அல்லது இல்லை என்று ஸ்கேன் காட்டும் வரை, கட்டில் அவருடையதுதான்.